மெலியும் தரை

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், வால்தம்ஸ்டோ என்று கிழக்கு லண்டனில் தமிழர்கள் வாங்கிக் குடியேறிய வரிசைவீடுகளில் பல 1890க்கும் 1910க்கும் இடையில் எழுந்தவை. கட்டியபோது அவற்றில் பலவற்றுக்குக் குளியலறை கிடையாது. கழிப்பறை கொல்லையில். வாரத்துக்கு ஒருநாள் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியை இழுத்துப்போட்டு, வீட்டார் ஒருவர்பின் ஒருவராக அதே வெந்நீரில் குளித்தார்கள். பழைய வீடுகளைத் திருத்துவதற்கு 1949இல் ஒரு சட்டம் மானியம் கொடுத்தது. 1959இல் வந்த சட்டம் எதற்கெல்லாம் மானியம் என்று பட்டியலே போட்டது: குளியல் தொட்டி, கை கழுவும் பேசின், வெந்நீர், கழிப்பறை, சாப்பாட்டுப் பொருள் வைக்க ஓர் இடம். மாடியின் பின்பக்கச் சின்னப் படுக்கையறை பல வீடுகளில் குளியலறை ஆனது இப்படித்தான். ஒரு கட்டிலையும் ஒரு பெட்டியையும் தாங்கப் போட்ட பலகைத் தரையின்மேல், 200 லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி ஏறி உட்கார்ந்தது.

பலகைமேல் முதலில் லினோலியம் விரித்தார்கள், பிறகு வினைல். நம் ஆட்களுக்கு வினைல் ஒரு தரையாகவே படுவதில்லை. சிவப்புச் சிமெண்டிலும் மொசைக்கிலும் காலூன்றி வளர்ந்தவர்களுக்கு, காலடியில் மெத்தென்று அமுங்குவது எதுவும் தற்காலிகம். வீடு வாங்கிய இரண்டாம் வருஷம், கையில் கொஞ்சம் காசு புரண்டதும், டைல்ஸ் போடலாம் என்று பேச்சு கிளம்பும். கடைக்குப் போய் டைல் தேர்ந்தெடுப்பதில் வார இறுதிகள் கழியும். சாம்பலா, பழுப்பா, மினுங்கலா, சொரசொரப்பா என்ற விவாதத்தில் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். அதன் அடியில் என்ன வரப்போகிறது என்பது பேச்சிலேயே வராது.

எங்கள் வீட்டுக்கு வந்த டைல்காரர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பெட்டிகளில் இருந்த டைலை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வினைலின் ஒரு மூலையைக் கத்தியால் கீறித் தூக்கிக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “டைல் ஒட்டுறது பெரிய வேலை இல்லையண்ணை. கீழ என்ன கிடக்கெண்டு பாக்கிறதுதான் வேலை.”

கீழே கிடப்பது மரம். மரத்தை வெட்டி அறுத்து ஆணியடித்து நூறு வருஷம் ஆனாலும் அதற்கு ஈரத்தோடு உள்ள உறவு முறிவதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் அகலும், இறங்கினால் ஒடுங்கும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இல்லை. இழைக்குக் குறுக்கே போகும் திசையில்தான் எல்லாக் கூத்தும். பச்சை பைன் மரம் முழுக்கக் காய்ந்தால் வளையத்தின் போக்கில் 7, 8 சதவீதம் சுருங்கும். வளையத்துக்குக் குறுக்கே அதில் பாதி. சூடேற்றிய வீட்டுக்குள் பலகையின் ஈரம் 8க்கும் 12 சதவீதத்துக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஆறங்குலப் பலகை ஒன்றின் அகலம் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் மாறக்கூடும். குளியலறைப் பலகை இதை வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் செய்வதில்லை. தினமும் காலையில் ஆவி, மதியம் ஹீட்டர்.

போர்சலின் டைலோ தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதது. அழுத்தினால் எவ்வளவும் தாங்கும், வளைத்தால் உடையும். பலகையின்மேல் அதை நேரடியாக ஒட்டியவர்கள் இருக்கிறார்கள். முதல் குளிர்காலம் தாண்டியதும் தரையில் நேர்கோடாக ஒரு வெடிப்பு ஓடும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அடியில் இரண்டு பலகைகளின் சந்து இருக்கும். வெடிப்பு பலகையின் போக்கில் போனால் மரத்தின் ஈரம் காரணம். பலகைக்குக் குறுக்கே, சட்டத்தின் தலைக்கு மேலேயே போனால் தரை வளைகிறது என்று அர்த்தம். வெடிக்காமல் தப்பிய டைலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். அங்கே பிடி விட்டுப்போய், டைல் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

தரை வளைவதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கக் கட்டுமானத்தில் பீங்கான் டைலுக்கான எல்லை, சட்டத்தின் நீளத்தில் 360இல் ஒரு பங்கு. 3.6 மீட்டர் நீளச் சட்டம் பாரத்தில் 10 மில்லிமீட்டருக்கு மேல் தொய்யக்கூடாது. பளிங்கு, கிரானைட் போன்ற இயற்கைக் கல்லென்றால் 720இல் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிமீட்டர். காசு அதிகம் கொடுத்து வாங்கும் கல்தான் குறைவாகப் பொறுக்கும். கடையில் இதைச் சொல்லி யாரும் விற்பதில்லை.

பலகையைத் தூக்கியதும் சட்டங்கள் தெரியும். ஜாயிஸ்ட் என்று இங்கே சொல்லும் இவை ஏழங்குல உயரம், இரண்டங்குலக் கனம், சுமார் பதினாறு அங்குல இடைவெளி. பால்டிக் கரையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய பைன் மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது தோட்டங்களில் வேகமாக வளர்த்து வெட்டும் மரத்தைவிட வளையங்கள் நெருக்கமானது. நல்ல மரம்தான். அதைக் கெடுத்தவர்கள் பிறகு வந்த பிளம்பர்கள். குழாய் ஓட்ட வேண்டிய இடத்திலெல்லாம் சட்டத்தின் தலையில் வாளால் வெட்டிப் பள்ளம் எடுத்திருப்பார்கள். சட்டத்தின் உயரத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் மேலிருந்து வெட்டக்கூடாது, அதுவும் தாங்கு சுவரை ஒட்டிய முதல் கால்பகுதிக்குள்தான் வெட்டலாம் என்பது இங்குள்ள விதி. ஏழங்குலச் சட்டத்துக்கு அது 22 மில்லிமீட்டர். தொட்டியின் கழிவுக் குழாயோ 40 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்த டைல்காரத் தம்பி, குழாய்க்கு வழி கொடுத்தவன் சட்டத்துக்கு வழி கொடுக்கவில்லை என்றார். அப்படிப்பட்ட சட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டையை ஜோடி சேர்த்து போல்ட் போட்டு முறுக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே துண்டுக் கட்டைகளை இறுக்கினால் அவை பக்கவாட்டில் திருகாமல் நிற்கும்.

கழிப்பறைப் பீங்கானின் காலடியில் பலகை கறுத்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பார்கள். முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் பூஞ்சை தின்றிருக்கிறது. ஈரத்தில் மட்டும் வாழும் வகை என்றால் கசிவை அடைத்து, கெட்ட பகுதியை அறுத்து எடுத்தால் தீர்ந்தது. செர்புலா லாக்ரிமான்ஸ் என்ற இன்னொரு வகைதான் வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பது. அது தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே நூல்விட்டுக் கடத்திக்கொண்டு, செங்கல் சுவரையும் தாண்டிப் போய் அடுத்த அறை மரத்தைப் பிடிக்கும். ஐரோப்பிய வீடுகளை இத்தனை காலமாக மிரட்டும் இந்தப் பூஞ்சை காட்டு மரத்தில் இயல்பாக வளர்வதைக் கண்ட இடங்களில் ஒன்று நம் இமயமலை.

பழைய வினைலையும் அதன் அடியில் கறுப்புத் தார்ப்பசையையும் கண்டால் உடனே சுரண்டக்கூடாது. ஆஸ்பெஸ்டாஸை பிரிட்டன் முழுதாகத் தடை செய்தது 1999இல்தான். அதற்கு முந்தைய தரை விரிப்பில் அது இருக்கலாம். சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

அடுத்தது பலகைமேல் பிளைவுட். பலகைகளின் போக்குக்குக் குறுக்கே, சந்துகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி, சுவரோரம் இடைவெளி விட்டு, ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். ஆணி உதவாது. ஆணி காலப்போக்கில் தளரும், தளர்ந்த ஆணியில் மரம் உரசும், நடந்தால் கிறீச்சிடும். இன்னொரு காரணமும் உண்டு. இந்த வீடுகளின் கீழ்த்தளக் கூரை மெல்லிய மரப்பட்டிகளின்மேல் சுண்ணாம்புக் காரை பூசியது. பட்டிகளின் இடுக்கு வழியே பிதுங்கி மேலே கொக்கிபோல் வளைந்து உறைந்த காரைதான் கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாடியில் சுத்தியல் அடி விழ விழ அந்தக் கொக்கிகள் ஒடியும். மேலே குளியலறை வேலை முடியும்போது கீழே வரவேற்பறைக் கூரை சோபாவில் கிடக்கும்.

ஒரு பலகைக்குக் குறுக்கே இன்னொரு பலகை என்ற இந்த யோசனை பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக்காரர் விட்ருவியஸ் எழுதிய பத்துப் புத்தகங்களில் ஏழாவதன் தொடக்கமே தரையைப் பற்றியது. திறந்தவெளி மாடித் தரைக்கு, ஒரு வரிசைப் பலகை போட்டபின் அதற்குக் குறுக்கே இன்னொரு வரிசை போட்டு ஆணியடிக்கச் சொல்கிறார். இன்றைய பிளைவுட்டின் தத்துவம் அதுவே: ஒரு தாளின் இழை அகலப் பார்க்கும்போது குறுக்கே ஒட்டிய தாள் அதைப் பிடித்துக்கொள்கிறது. மாடித் தரைக்கு ஓக் இனங்களைக் கலந்து போடாதே என்கிறார். ஒன்று திருகும்போது மேல்தரை வெடிக்கும். ஒவ்வொரு பலகைக்கும் ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு ஓரத்திலும் ஆணி வேண்டும் என்கிறார். பலகையின்மேல் பெரணி இலையோ வைக்கோலோ பரப்பச் சொல்கிறார், மேலே வரும் சுண்ணாம்பு மரத்தைத் தின்னாமலிருக்க.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது, சுவரைப் பற்றி அவர் சொல்வது. கீழிருந்து எழும் ஒரு சுவர் கட்டடத்தின் உச்சிவரை போகாததாக இருந்தால் அதை மாடித் தரையின் அடிவரை இடித்துக் கட்டாதே, கொஞ்சம் இடைவெளி விடு. மரச் சட்டங்கள் காய்ந்து தொய்யும், சுவர் தொய்யாது. முட்டிக்கொண்டு நிற்கும் சுவரின் இரு பக்கமும் தரையில் வெடிப்பு விழும். கணக்குப் போட்டு வந்த முடிவாக இதை அவர் எழுதவில்லை. வெடித்த தரைகளைப் பார்த்துப் பார்த்து, ஏன் இங்கே, ஏன் இந்தத் திசையில் என்று யோசித்தவர் எழுதியது அது.

பலகைமேல் பரப்பிய இலைக்கு மேல் அவர் போடச் சொல்வது இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத கனம். கைக்கு அடங்கும் கற்களை ஒரு வரிசை. அதன்மேல் கல்லுடைசலும் சுண்ணாம்பும் கலந்து, ஆட்கள் கூட்டமாக நின்று இடித்து இடித்து இறுகியபின்னும் முக்கால் அடிக்குக் குறையாத படுகை. அதன்மேல் உடைத்த மண்பாண்டத் தூளும் சுண்ணாம்பும் ஆறு விரற்கடை. பதிக்கும் கல் இத்தனைக்கும் மேலே.

சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று அழைக்கப்படும் மாடியும் இதே குடும்பம். தேக்குச் சட்டங்களை நெருக்கமாக வரிசையிட்டு, ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புக் கலவையில் மூலைவாட்டமாகக் கோப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சில அங்குலம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மரத்தின்மேல் ஓடு என்ற சிக்கலை நம் ஊர்க் கொத்தனார்கள் தீர்த்துவைத்திருந்தார்கள். அது சிக்கல் என்று தனியாக யாரும் பேசியதாகத் தெரியாத அளவுக்குத் தீர்த்திருந்தார்கள். தேக்கு ஊசியிலை மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவது, அது பாதி. மீதிப் பாதி சுண்ணாம்பு. அது மெதுவாக இறுகும், இறுகும் காலத்தில் மரத்தோடு கொஞ்சம் அசைந்துகொடுக்கும். மயிரிழை வெடிப்பு விழுந்தால், உள்ளே போகும் ஈரம் சுண்ணாம்பைக் கரைத்து அந்த வெடிப்பிலேயே படியவைத்து அடைக்கும்.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குளியலறை மரத் தரையில் தார்க்காகிதம் விரித்து, கம்பி வலை போட்டு, ஒன்றரை அங்குலம் சிமெண்டுக் கலவை பரப்பி டைல் பதித்தார்கள். சில வீடுகளில் சட்டத்தின் தலையையே இருபக்கமும் சரிவாகச் சீவி, கலவையைச் சட்டங்களுக்கு நடுவே இறக்கினார்கள். அந்தத் தரைகளை இடித்து எடுப்பவர்கள் இன்றும் திட்டிக்கொண்டே இடிக்கிறார்கள். அவ்வளவு உறுதி.

1956 ஒரு திருப்பம். ஹென்றி ரோத்பர்க் என்ற அமெரிக்க வேதியியல் பொறியாளர் சிமெண்டோடு ரப்பர்ப்பால் வகைச் சேர்மானத்தைக் கலந்து, சில மில்லிமீட்டர் கனத்திலேயே டைலைப் பிடிக்கும் கலவையைக் கொண்டுவந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் லாட்டிகிரீட். அங்குலக் கணக்கிலிருந்து தரை மில்லிமீட்டர் கணக்குக்கு இறங்கியது. பிறகு சிமெண்டுப் பலகை வந்தது. ஆறு மில்லிமீட்டர் கனம், தண்ணீரில் ஊதாது, டைலுக்குப் பிடிமானம் கொடுக்கும். 1987இல் ஜெர்மனியின் ஷ்லூட்டர் நிறுவனம் ஆரஞ்சு நிறப் பாலிஎத்திலீன் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. மூன்று மில்லிமீட்டர்தான். அடியில் துணி இழை, மேலே சதுரக் குழிகள். மரம் அடியில் அசைந்தால் அந்த அசைவை விரிப்பு தனக்குள் வாங்கிக்கொள்ளும், டைலுக்குக் கடத்தாது. கலவைக்கும் வளைவுத் தேர்வு வைத்தார்கள். ஐரோப்பிய விதிப்படி, காய்ந்த கலவைப் பட்டை 2.5 மில்லிமீட்டர் வளைந்து கொடுத்தால் எஸ்1, 5 மில்லிமீட்டர் கொடுத்தால் எஸ்2.

எடையைப் பார்த்தால் மாற்றம் புரியும். பத்து சென்டிமீட்டர் சுண்ணாம்புப் படுகை சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்குக் குறையாது. இன்றைய சிமெண்டுப் பலகை, கலவை, பத்து மில்லிமீட்டர் டைல் மூன்றும் சேர்ந்து 40 கிலோவுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு இது நல்லதுதான். ஆனால் மெலிந்தபோது தரை ஒரு குணத்தை இழந்தது என்று நினைக்கிறேன். கனமான படுகை மன்னிக்கும். பலகை கால் அங்குலம் ஏறியிருந்தாலும், கூலிக்கு வந்தவர் ஒருநாள் சோம்பி அடித்திருந்தாலும், அந்தத் தவறு கனத்துக்குள் கரைந்துபோகும். மெல்லிய தரையில் தவறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. சிமெண்டுப் பலகையின் அடியில் கலவை பரப்பாமல் வெறும் ஸ்க்ரூ மட்டும் போட்டால் அடியில் காற்றுப் பைகள் நிற்கும். அங்கே கால் படும்போதெல்லாம் பலகை நுணுக்கமாக அமுங்கி எழும். சந்துகளில் காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழைப் பட்டி ஒட்ட வேண்டும். சுவரில் ஒட்டும் சாதாரண இழையைச் சிமெண்டின் காரம் அரித்துவிடும். ஒட்டும் கலவையைப் பல் கரண்டியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும், சுழற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும். பழைய வேலைக்கு ஆள் பலமும் பொறுமையும் போதுமாயிருந்தது. இப்போது பையின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டதைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். அந்த எழுத்தைப் படிக்காமலே வேலையை முடித்துக் காசு வாங்கிக்கொண்டு போவது சுலபம். வெடிப்பு அன்றைக்கு வருவதில்லை.

இந்த ஊர் டைல்காரர்களிடம் ஒரு பழக்கம் பரவலாக இருந்தது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, டைலுக்கு முன் தரையில் பூசுவது. மலிவு, பூசினால் பளபளப்பாக ஏதோ செய்தது போலவும் இருக்கும். ஈரக் கலவை பட்டதும் அந்தப் பசை மறுபடி இளகி, மரத்துக்கும் கலவைக்கும் நடுவே வழுக்கும் தோலாகிவிடும். கலவைக்காரர்கள் வேண்டாம் என்றே எழுதுகிறார்கள். வேலை கற்றுக்கொடுத்தவர் செய்ததைப் பையிலுள்ள எழுத்துக்காக யார் விடுவார்கள்?

தண்ணீர் விஷயம் தனி. நம் ஊர்க் குளியலறைத் தரைக்கு வாட்டம் உண்டு. எங்கே ஊற்றினாலும் தண்ணீர் மூலைத் துளைக்கு ஓடிப்போகும். வாளியில் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்து, கடைசி வாளியைத் தரையில் வீசிக் கழுவிவிட்டு வரலாம். இங்கே மாடிக் குளியலறைத் தரைக்கு வாட்டமும் இல்லை, துளையும் இல்லை. தண்ணீர் தொட்டிக்குள்ளேயே நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை. ஊரிலிருந்து வந்து தங்கும் அம்மாக்கள் அந்த நம்பிக்கையை ஒரே வாரத்தில் கலைத்துவிடுவார்கள். டைல் போட்டுவிட்டால் தரை தண்ணீர் தாங்கும் என்று எல்லாரும் எண்ணுகிறார்கள். டைல் தாங்கும், டைலுக்கு நடுவே உள்ள சிமெண்டுச் சந்து தாங்காது, மெதுவாக உறிஞ்சிக் கீழே அனுப்பும். தண்ணீரைத் தடுப்பது டைலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் பூசும் ரப்பர்ப் பூச்சுதான். சுவரும் தரையும் சேரும் மூலையில் பட்டி வைத்து, சுவரில் கொஞ்ச உயரம் ஏற்றிப் பூச வேண்டும். அந்த மூலையில் சிமெண்டை அடைக்காமல் சிலிக்கோனால் நிரப்ப வேண்டும். சுவர் தன் போக்கில் அசையும், தரை தன் போக்கில். தொட்டியின் விளிம்புக்குச் சிலிக்கோன் போடுவதற்கு முன் தொட்டியைத் தண்ணீரால் நிரப்பிவைப்பது இங்கே வழக்கம். 200 கிலோ ஏறியதும் தொட்டி சற்று இறங்கும். வெறும் தொட்டியில் போட்ட சிலிக்கோன் முதல் குளியலிலேயே பிய்ந்துவரும்.

உயரமும் கணக்கில் வர வேண்டும். மில்லிமீட்டரில் பிளைவுட் 15, சிமெண்டுப் பலகை 6, கலவை 3, டைல் 10. தாழ்வாரத்தைவிடக் குளியலறை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிடும். கதவின் அடியை அறுக்க வேண்டும், வாசலில் ஒரு பட்டை வைக்க வேண்டும், இருட்டில் எழுந்து வருபவர் கால் இடறாமலிருக்க அதைச் சரிவாக வைக்க வேண்டும். உயரம் கூடாது என்றால் பழைய பலகையையே எடுத்துவிட்டு, கனமான பிளைவுட்டை நேரே சட்டங்களின்மேல் வைப்பார்கள். எனக்கு அந்த வழி பிடிக்கும். பழைய பலகை நூறு வருஷம் உழைத்துவிட்டது என்பதற்காக இல்லை. நம்ப முடியாத ஒன்றை மூடிவைப்பதைவிட எடுத்துவிடுவது நல்லது.

செலவு எழுதிக் கேட்டபோது தம்பி இரண்டு வரிதான் எழுதிக் கொடுத்தார். முதல் வரி, தரை ஆயத்தம். இரண்டாவது, டைல் ஒட்டுதல். முதல் வரியின் தொகை இரண்டாவதைவிடப் பெரியது. பெரும்பாலானவர்கள் அந்த முதல் வரியைத்தான் பேரம் பேசுகிறார்கள் என்றார். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஏன் இவ்வளவு, இருக்கிற பலகைமேலேயே ஒட்டிவிடுங்களேன் என்று கேட்பார்களாம். “அப்பிடிக் கேட்டா என்ன சொல்லுவீங்கள், தம்பி?” என்றேன்.

“வினைல் நல்ல வடிவாத்தான் இருக்கு, அதையே வைச்சிருங்கோ எண்டுவன்,” என்றார், ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டே.